ஐவர்மெக்டின் போட்டும் பன்றியில் அரிசிக் கட்டி

பன்றிக்கு மூன்று முறை ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசி போட்டும், அறுத்தபோது இறைச்சியில் அரிசிமணி போல வெள்ளைக் கொப்புளங்கள் இருந்தன, மீதிப் பன்றிகளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஊசி இந்தக் கட்டிகளைக் கொல்லாது. மூன்று முறை போட்டும் அவை இருந்ததற்குக் காரணம் அதுதான். அவை நாடாப்புழுவின் இளம்பருவம்.

மீதிப் பன்றிகளுக்கு ஆக்ஸ்ஃபென்டசோல் என்ற வேறு புழு மருந்து கொடுங்கள். கிலோவுக்கு 30 மி.கி., வாய்வழியே ஒரே முறை. 40 கிலோ பன்றிக்கு 1,200 மி.கி.; 10% மருந்தில் (மி.லி.க்கு 100 மி.கி.) 12 மி.லி. வழக்கமான குடற்புழு அளவு போதவே போதாது. கட்டி கரைய 12 வாரம்வரை ஆகலாம், அதுவரை அறுக்காதீர்கள்.

நாக்கை இழுத்து அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். சிறு உருண்டை நெருடினால் தொற்று இருப்பது ஏறக்குறைய உறுதி. நெருடவில்லை என்பதால் இல்லை என்றாகாது.

தொற்று வருவது, குடலில் நாடாப்புழு உள்ளவரின் மலத்தைப் பன்றி தின்பதால். பன்றியைப் பட்டியில் அடைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். வீட்டாருக்கும் மலப் பரிசோதனை தேவை. வலிப்பு வந்தவர்களுக்கு மூளையில் இதே கட்டி இருக்கலாம்; மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் புழு மாத்திரை போடவே கூடாது.