அந்த மரக்கட்டை எதற்கு?

அன்புள்ள சார்,

போன மாதம் வத்திக்கான் அருங்காட்சியகத்தில், உடம்பை வழித்துக்கொண்டு நிற்கும் விளையாட்டு வீரனின் பளிங்குச் சிலையைப் பார்த்தோம். 'இது கிரேக்க மூலம் இல்லை, ரோமானிய நகல்' என்றார் வழிகாட்டி. அதைக் கேட்டபின் மனம் ஒட்டவில்லை. காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை வேறு. நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனோம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த மரக்கட்டையிலிருந்தே தொடங்குகிறேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி லிசிப்போஸ் இந்தச் சிலையை வெண்கலத்தில் செய்தார். வெண்கலச் சிலை உள்ளே வெற்றாக இருக்கும். கை முன்னால் எவ்வளவு நீண்டாலும் கால்கள் தாங்கிவிடும். பளிங்கு கனம், கணுக்காலில் முறிந்துவிடும். அதனால் நகலைச் செதுக்கியவர் இடது காலோடு ஒரு அடிமரத்தையும் கல்லிலேயே செதுக்கிச் சேர்த்தார். கல்லிலும் அந்தக் கையை நீட்டியே தீருவது என்று அவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். எனக்கு அந்தக் கட்டையைப் பார்த்தால் மரியாதைதான் வருகிறது.

மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய வெண்கலங்களில் பெரும்பாலானவை உலோகத்துக்காக உருக்கப்பட்டுவிட்டன. 1849இல் ரோமின் திராஸ்தேவெரே பகுதியில் இந்த நகல் கிடைத்திருக்காவிட்டால், ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த சில வரிகளோடு சரி.

அந்த வரிகளில் ஒரு சம்பவம் வருகிறது. மூலச் சிலையை ரோமானியத் தளபதி அக்ரிப்பா தன் குளியல் மண்டபத்தின் முன்னால் நிறுத்தியிருந்தார். பேரரசர் திபேரியஸுக்கு அதன்மேல் ஆசை. தன் படுக்கையறைக்கே கொண்டுபோய்விட்டு, அந்த இடத்தில் வேறொரு சிலையை வைத்தார். ஜனங்கள் விடவில்லை. நாடக அரங்கில், சிலையைத் திருப்பி வை என்று கூச்சல் போட்டார்கள். பேரரசர் திருப்பி வைத்தார்! தினமும் குளிக்கப் போகும் வழியில் பார்த்த ஒரு சிலைக்காக.

இத்தனைக்கும் அந்த வீரன் வெற்றி எதையும் கொண்டாடவில்லை. பயிற்சி முடிந்துவிட்டது. உடம்பில் பூசிய எண்ணெயும் ஒட்டிய புழுதியும் வியர்வையும் சேர்ந்து பிசுபிசுக்கின்றன. இடது கையால் வளைந்த சுரண்டியைப் பிடித்து, நீட்டிய வலது கையின் அடிப்பக்கத்தை வழிக்கிறான். பார்வை எங்கேயோ இருக்கிறது. களைத்துப்போனவனின் முகம் அது.

அடுத்த முறை போனால் நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள். அங்கிருந்து பார்த்தால் நீட்டிய கை உங்களை நோக்கி வரும், நீளம் தெரியாது. மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். கை தோளிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும்.

அன்புடன்.