எரியாத மருந்து மருந்தா?

கேள்வி: சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அம்மா டிஞ்சர் அயோடின் தடவுவார். இப்போது எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் பொவிடோன் அயோடினைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். நன்றாக வேலை செய்த மருந்தை ஏன் ஒழித்தார்கள்?

பதில்: ஒழிக்கவில்லை, ஓரங்கட்டிவிட்டார்கள். சதியெல்லாம் ஒன்றும் இல்லை. இரண்டிலும் வேலை பார்ப்பது அதே அயோடின்தான், 1811இல் கடற்பாசிச் சாம்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெர்னார்ட் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரரின் கண்முன் ஊதா நிறப் புகையாகக் கிளம்பிய அதே சரக்கு. டிஞ்சரில் அது சுமார் 2 சதவீதம், ஆல்கஹால் கலந்த நீரில் கரைந்திருக்கும், சிராய்ப்பில் பட்டதும் உயிர் போகிற மாதிரி எரிவதற்குப் பெரிய காரணம் அந்த ஆல்கஹால். 1950களில் அயோடினை பொவிடோன் என்ற பாலிமரோடு பிணைத்தார்கள். அது அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 10 சதவீதம் என்று போட்டிருக்கும் புட்டியில் பயன்படும் அயோடின் 1 சதவீதம்தான், ஆனாலும் அது போதும். எரிச்சல் குறைவு, கறையும் பெரும்பாலும் கழுவினால் போய்விடும். அப்புறம் எந்தக் குழந்தை பழையதைக் கேட்கும்?

அயோடினுக்கு இன்னொரு சோதனையும் வந்தது, அது கொஞ்சம் விசித்திரமானது. மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளைத் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்களுக்கும் அயோடின் தேவைப்பட்டது. அதனால் அமெரிக்காவில் 2007இல் அயோடின் படிகங்களையும் 2.2 சதவீதத்துக்கு மேற்பட்ட கரைசல்களையும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2 சதவீத வீட்டு டிஞ்சர் மயிரிழையில் தப்பியது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கும் இதே கதிதான், கொக்கெய்ன் தயாரிப்பில் பயன்படுவதால் அதுவும் சர்வதேசக் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. புண் கழுவ வாங்குகிற நாம் என்ன பாவம் செய்தோம் என்று கேட்காதீர்கள், பட்டியல் போடுகிறவர்கள் நம் முட்டியைப் பார்ப்பதில்லை.

கேள்வி: எரிந்தால்தான் கிருமி சாகிறது என்பார் தாத்தா. எரியாததைத் தடவினால் ஏதோ தண்ணீர் தடவிய மாதிரிதான் இருக்கிறது.

பதில்: தாத்தா தைரியம் சொல்ல அப்படிச் சொல்லியிருப்பார். கிருமிக்குச் சுருக்கென்றதா என்று நமக்கு எப்படித் தெரியும், எரிவது நம்முடைய நரம்பு! முதல் உலகப்போர்க் காயங்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் பிளெமிங் (பெனிசிலினைக் கண்டுபிடித்த அவரேதான், இது அதற்கு முன்னால்) ஆழமான காயத்தில் ஊற்றுகிற கடுமையான மருந்துகள் மூலைமுடுக்கில் ஒளிந்திருக்கும் கிருமியை விட்டுவிட்டு, அதோடு சண்டை போடுகிற நம் வெள்ளை அணுக்களைத்தான் அதிகம் கொல்கின்றன என்று காட்டினார். புண்ணில் ஊற்றுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதும் கிருமி சாவதற்கு அடையாளம் இல்லை. நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் காட்டலேஸ் என்ற நொதி பட்டாலே அது நுரைக்கும், காயத்தில் ஒரு கிருமிகூட இல்லாவிட்டாலும் நுரைக்கும்.

கேள்வி: சிவப்பு மருந்து, அதான் மெர்குரோகுரோம், அதையும் காணோமே?

பதில்: அதில் பாதரசம் இருந்தது, விஷயம் அவ்வளவுதான். 1998இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், பாதுகாப்பானது என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்துகளின் வரிசையிலிருந்து அதை எடுத்துவிட்டது. போனது நல்லதுதான் என்பேன். காயம் சிவந்து வீங்குகிறதா என்று பார்க்கவே முடியாமல் அதுவே சிவப்படித்துவிடும். ஆனால் பள்ளிக்கூடத்தில் காட்டிப் பெருமையடிக்க அதைப்போல ஒரு மருந்து கிடையாது, ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அலமாரியில் பல வருடப் பழைய டிஞ்சர் புட்டி ஒன்று கிடக்கிறது. நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. தடவலாமா?

பதில்: வேண்டாம். நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். மூடி லேசாகத் தளர்ந்தாலும் ஆல்கஹால் ஆவியாகிவிடும், மிச்சம் இருப்பது கெட்டிப்பட்டுத் தோலையே பொசுக்கலாம். எங்கள் வீட்டில் இப்படி ஒரு புட்டியைத் திறந்தபோது சொட்டு விடும் ரப்பர் குமிழ் பிசுபிசுவென்று விரலோடு வந்துவிட்டது, பக்கத்தில் இருந்த கத்தரிக்கோல் துருப்பிடித்துக் கிடந்தது. அயோடின் ஆவியின் கைங்கரியம்.

கேள்வி: சரி, கடைசியில் வீட்டில் எதைத்தான் வைத்துக்கொள்வது?

பதில்: சோப்பும் ஓடுகிற தண்ணீரும். சிராய்ப்புக்குப் பெரும்பாலும் அதுவே போதும். கூடவே ஒரு சின்னப் புட்டி பொவிடோன் அயோடின். தடவிய கையோடு துடைத்துவிடாமல் ஓரிரு நிமிடம் காயவிடுங்கள், அதற்குள் துடைத்தால் பிரயோஜனம் இல்லை. தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்கு ஓடுங்கள், எந்தப் புட்டியும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: வெள்ளைச் சட்டையில் டிஞ்சர் கறை!

பதில்: வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தேயுங்கள், கண்ணெதிரே வெளுக்கும். சட்டையில் மட்டும், புண்ணில் அல்ல.