கேக் சாப்பிட்ட பிறகு மனசு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

கேள்வி: எனக்கு வயது 38. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து காய்கறி, பயறு, பழம் என்று உணவை மாற்றிக்கொண்டேன், தினமும் நடக்கிறேன். இப்போது 5.6க்கு வந்திருக்கிறது. ஆனால் இனிப்பு எதையாவது சாப்பிட்டுவிட்டால் என்னால் தாங்கிக்கொள்ளவே முடிவதில்லை. போன வாரம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள். ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன். எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்து, இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுசாகத் தின்று தீர்த்தேன். காலி உறையைக் குப்பைக் கூடையின் அடியில் திணித்து மறைத்தேன். அடுத்த நாள் எடை பார்த்தால் 900 கிராம் கூடியிருந்தது. அன்று காலையும் மதியமும் பட்டினி கிடந்தேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா டாக்டர்? இனிப்பை அடியோடு விட்டுவிடுவதுதான் வழியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அடியோடு விட வேண்டாம். உங்களுக்கு இருக்கும் சிக்கலை அது இன்னும் பெரிதாக்கும். மனக்கட்டுப்பாடு இல்லாதவரால் 6.1ஐ 5.6க்குக் கொண்டுவரவும் முடியாது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். நீங்கள் 5.7க்குக் கீழே இறங்கியிருக்கிறீர்கள். மருந்தில்லாமல், தட்டில் இருப்பதை மாற்றியும் நடந்தும் மட்டுமே இதைச் செய்திருக்கிறீர்கள் என்றால், எந்த மருத்துவரும் சந்தோஷப்படும் முன்னேற்றம் இது.

அந்த எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழும். அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. அதனால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நமக்குத் தெரிகிறது. அந்த மாதங்களிலும் எங்கேயோ ஒரு விருந்து, யாரோ நீட்டிய சாக்லேட், ஒரு ஐஸ்கிரீம் என்று வந்திருக்குமே? அவை எல்லாம் சேர்ந்துதான் இந்த 5.6. ஒரு துண்டு கேக்கால் கெட்டுப்போகிற கணக்கு இல்லை இது.

அடுத்து அந்த 900 கிராம். உங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 900 கிராமுக்கு ஏறக்குறைய 7,000. ஒரு துண்டு கேக்கில் 300 முதல் 400 கலோரி இருக்கலாம். பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 450 முதல் 500 வரை. 200 கிராம் பாக்கெட் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டையும் கூட்டினால் 1,400ஐத் தாண்டாது. அது அப்படியே கொழுப்பாக மாறினால்கூட 200 கிராமுக்குள்தான் வரும். அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தண்ணீர். மாவும் சர்க்கரையும் சாப்பிடும்போது உடல் அதில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது; ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய் நெருங்கும் நாட்களாக இருந்தால் அதுவும் ஒரு காரணம். வழக்கம்போலச் சாப்பிட்டாலே இது சில நாட்களில் தானாக இறங்கிவிடும். இனிப்பு சாப்பிட்ட மறுநாள் எடை பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அன்று கேக்கோடு நின்றிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். உங்களைப் பிஸ்கட் வரை கொண்டுபோனது பசியா? இல்லை. பிஸ்கட்டின் ருசியா? அதுவும் இருக்காது, இரவில் அவசர அவசரமாகத் தின்பவர்களுக்கு ருசியே தெரிவதில்லை. "எல்லாம் கெட்டுப்போய்விட்டது" என்று நினைத்தீர்களே, அதுதான் காரணம். அந்த நினைப்புக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: நாளையிலிருந்து ஒழுங்காக இருக்க வேண்டும், இனிமேல் இனிப்பே கூடாது. நாளை முதல் கதவு அடைக்கப்படும் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால், இன்று இரவே கடைசி வாய்ப்பாகிவிடுகிறது. அதனால்தான் ஒன்றிரண்டோடு நிற்காமல் பாக்கெட் காலியாகிறது. இனிப்பை அடியோடு விடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதும் இதனால்தான்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவிகளில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோரிடமும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாத பெண்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். எப்போதும் கட்டுப்பாட்டோடு சாப்பிடுகிறவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இனி என்ன பார்ப்பது என்ற மனநிலை. உங்கள் கேக்கும் பிஸ்கட்டும் இதே கதைதான்.

குற்றவுணர்வு போய்விட்டால் கட்டுப்பாடும் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்த உறுத்தல்தான் தங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் ஆய்வுகள் காட்டுவது வேறு. நியூசிலாந்தில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், சாக்லேட் கேக் என்றதும் மனதில் முதலில் வருவது குற்றவுணர்வா, கொண்டாட்டமா என்று கேட்டார்கள். குற்றவுணர்வு என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாகச் சாப்பிடவில்லை. உணவு தங்கள் கைக்குள் இருக்கிறது என்ற எண்ணமும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது எடையைக் கூடாமல் வைத்திருப்பதிலும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில் பெண்களுக்கு முதலில் ஒரு டோனட் கொடுத்தார்கள். பிறகு சிலரிடம் மட்டும், எல்லோரும் இதைச் சாப்பிடுகிறவர்கள்தான், இதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள் என்ற பொருளில் ஓரிரு வார்த்தை சொன்னார்கள். அதற்கப்புறம் மிட்டாய் வைத்தபோது, கட்டுப்பாட்டோடு சாப்பிடும் பழக்கமுள்ள பெண்களில் அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டவர் அதிகம் சாப்பிடுகிறார், தன்னிடம் அன்பாக இருப்பவர் போதும் என்று நிறுத்துகிறார். இதை நீங்கள் முழுமனதோடு நம்ப வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதனால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. அளவு என்ற ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், அதாவது சுமார் 12 தேக்கரண்டி. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழமும் பாலும் வராது. இப்போது யோசித்துப் பாருங்கள். எப்போதோ வரும் பிறந்தநாள் கேக் பெரிதா, தினமும் குடிக்கும் ஒரு குளிர்பானம் பெரிதா? 330 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். கேக்குக்காக மூன்று நாள் வருந்துகிறவர்கள் பலர் தினசரிப் பானத்தில் எத்தனை கரண்டி போகிறது என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. உங்களிடம் அப்படி ஏதாவது தினசரிப் பழக்கம் இருந்தால் அதைக் குறையுங்கள். பலன் அங்கேதான் அதிகம்.

மறுநாள் பட்டினி கிடந்தீர்களே, அதை மட்டும் இனி செய்யவே செய்யாதீர்கள். பிராயச்சித்தம் போலத் தோன்றும். ஆனால் அடுத்த இரவுச் சிக்கலுக்கு அதுவே அடித்தளம். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். உடலும் மனமும் நல்ல திடமாக இருக்கிறார்களா என்று பார்த்தே அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். அப்படிப்பட்டவர்களே சில வாரங்களில் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாதவர்களாக ஆனார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பட்டினி முடிந்த பிறகும் பலருக்குச் சாப்பாட்டை நிறுத்த முடியாமல் போனது. பசி வந்தால் மூளை இப்படித்தான் வேலை செய்யும். யாருடைய குணத்திலும் குறை இல்லை. அதனால் இனிப்பு சாப்பிட்ட பிறகு அடுத்த வேளைச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். பிராயச்சித்தமாகக் கூடுதலாக ஒரு மணி நேரம் நடக்கவும் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் வேளையைத் தவிர்ப்பது ஆபத்தும்கூட.

சாப்பிடும் விதத்திலும் சில மாற்றங்கள் செய்யலாம். இனிப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். ஏற்கெனவே வயிற்றில் இருக்கும் நார்ச்சத்தும் புரதமும் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும். பாக்கெட்டிலிருந்து நேராக எடுக்காமல், வேண்டியதைத் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிடிக்காத இனிப்பை யாருக்காகவும் சாப்பிட வேண்டாம். "எனக்கு வேண்டாம்" என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிடித்ததை மற்றவர்களோடு சேர்ந்து, பகலில், வெளிச்சத்தில் சாப்பிடுங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள், தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்தக் காலி உறைதான். 38 வயதுப் பெண், தன் சொந்த வீட்டில், தான் வாங்கிய பிஸ்கட்டின் உறையைக் குப்பைக்கடியில் மறைக்கிறார். எதைக் கண்டு இவ்வளவு பயம்? பல வீடுகளில் இதற்கு ஒரு காரணம் இருக்கும். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, "இதையெல்லாம் நீ சாப்பிடலாமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் அந்தக் கேள்வி சாப்பிடுவதை நிறுத்துவதில்லை, இரவுக்குத் தள்ளிப்போடுகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். என் தட்டைப் பார்த்து எதுவும் சொல்ல வேண்டாம், அதுவே எனக்குப் பெரிய உதவி என்று கேளுங்கள். மறைக்கத் தேவையில்லாத ஒன்றை அவசரமாகத் தின்னவும் தேவையில்லை.

இரவில் நடந்தது ஒருமுறைதானா, அடிக்கடி நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். நிறுத்த முடியாமல் ஏராளமாகச் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு முறையாவது என்று மூன்று மாதம் தொடர்ந்தால், அது மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். சிகிச்சை உள்ள நோய் அது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை இதில் நன்றாகப் பலன் தருகிறது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, உணவை நினைத்து விசேஷங்களுக்கே போகாமல் இருப்பது, மாதவிடாய் நின்றுபோவது, இவற்றில் எது இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ உடனே பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் வருடத்துக்கு ஒரு முறை ஹெச்பிஏ1சி பார்த்தால் போதும். அந்தச் சமயத்தில் உங்கள் மருத்துவரிடம் எண்ணைப் பற்றி மட்டும் பேசாமல், இரவில் நடப்பதையும் சொல்லுங்கள். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதியதைப் போலவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் படித்துப் புரிந்துகொள்வார்.