சிறிய நேரோ கேஜ் (குறுகிய பாதை) நீராவி இன்ஜின் மாதிரியை முழுக்கக் கையால் செய்ய ஆசை. உடலை முதலில் செய்துவிட்டு, பொருந்துகிற சேசிஸைப் (சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிச்சட்டம்) பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. சேசிஸ்தான் முதலில். அது மெதுவாக, தயங்காமல், இரண்டு பக்கமும் ஓடும் வரை பாய்லருக்கான குழாயை வெட்டவே வேண்டாம். உடலை முடித்த பிறகுதான் உள்ளே மோட்டாருக்கு இடமில்லை என்று தெரியவரும். அப்படி அலமாரியிலேயே நின்றுவிட்ட இன்ஜின்கள் ஏராளம்.

உங்களிடம் லேத் (கடைசல் எந்திரம்) இல்லை, அரங்கள், சிறிய டிரில், 50 வாட் சால்டரிங் அயர்ன் மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். மின்மோட்டாரில் ஓடும், தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் நான்கு சக்கர டேங்க் இன்ஜினைப் பற்றித்தான் பேச்சு. நிஜ நீராவி வேண்டுமென்றால் பாய்லருக்கு வெள்ளிப் பற்று, அழுத்தச் சோதனை எல்லாம் உண்டு. கீழே சொல்லும் ஈயப் பற்று அதற்கு ஆகாது.

அளவு 1:43.5, தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. இரண்டடிப் பாதை இந்த அளவில் சரியாக 14 மி.மீ. வரும், 16.5 என்பது ஏறக்குறைய 2 அடி 4 அங்குலம் ஆகிவிடும் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். உண்மைதான். ஆனால் 16.5-க்குத் தண்டவாளம், சக்கரம், கியர் எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. சக்கரத்தை வாங்கினால் 'முழுக்கக் கையால்' ஆகுமா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. லேத் இல்லாமல் சக்கர விளிம்பை வட்டமாகக் கடைய முடியாது, அவ்வளவுதான்.

முதலில் வேகக் கணக்கு. 12 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 37.7 மி.மீ. மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்று, மோட்டார் தண்டில் உள்ள திருகு பற்சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் கியர் 40:1 என்றால் சக்கரம் 250 சுற்று சுற்றும். நிஜ அளவில் அது மணிக்கு 25 கி.மீ. சுரங்கத்தில் கல் இழுத்த குட்டி இன்ஜினுக்கு இது அதிகம். 60:1 போட்டால் 16 கி.மீ.; தவழவும் செய்யும்.

இனி உயிர்நாடியான வேலை: கப்ளிங் ராடில் (ஒரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் பட்டை) உள்ள இரண்டு துளைகளின் இடைவெளியும், பிரேமில் (சேசிஸின் பக்கத் தகடுகள்) உள்ள அச்சுத் துளைகளின் இடைவெளியும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அளந்து இரண்டு முறை துளைத்தால் ஒன்றாக வராது. அதனால் அளக்காதீர்கள். ராடுக்கான இரண்டு பட்டைகளைச் சேர்த்துப் பற்றவைத்து 1 மி.மீ. துளை போடுங்கள். 1 மி.மீ. கனப் பித்தளைத் தகடு இரண்டையும் அப்படியே ஒட்டவைத்து, அதன்மேல் ராடை வைத்து, அதே துளைகள் வழியாகவே தகட்டைத் துளையுங்கள். பிறகு தகட்டுத் துளைகளை மட்டும் ரீமரால் அச்சின் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். நேராக 3 மி.மீ. டிரில் போட்டால் மெல்லிய தகட்டில் துளை மூன்று மூலையாக வந்து மையம் நகர்ந்துவிடும். முடிந்ததும் சூடேற்றிப் பிரித்துக்கொள்ளலாம்.

பிரேம்களுக்கு நடுவே 10 மி.மீ. அகலக் குறுக்குத் துண்டுகள். சக்கரங்களின் உட்புற இடைவெளி 14.5 மி.மீ.; பிரேமின் வெளியகலம் 12 ஆனால் பக்கத்துக்கு 1.25 மிஞ்சும், வாஷருக்கு அது போதும். நீளமான இரண்டு நேர்க் கம்பிகளை அச்சுத் துளைகளில் செருகி, கட்டம் போட்ட தாளின்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு கம்பிகளும் கோட்டோடு ஒத்துப்போனால் மட்டும் முழுதாகப் பற்றவையுங்கள். அதுவரை ஒரு பொட்டு போதும்.

நான்கு சக்கரத்தில் ஒன்று தூக்கினாலும் தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரம் தடைப்பட்டு இன்ஜின் நின்றுவிடலாம். ஆகவே கியர் உள்ள அச்சை அசையாமல் விட்டு, மற்ற அச்சின் துளைகளை மேலும் கீழும் அரை மி.மீ. நீட்டி, அந்த அச்சின் நட்டநடு மேல்பாகத்தில் ஒரு கம்பி உட்காரும்படி செய்யுங்கள். அசையாத அச்சின் இரு முனை, இந்தக் கம்பி என மூன்று புள்ளியில் நிற்பது ஆடாது. ஸ்பிரிங்தான் உயர்ந்தது என்பவர்கள் இருக்கிறார்கள். முதல் இன்ஜினுக்கு இது போதும் என்பது என் கட்சி.

வார்முக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றை வைத்து மோட்டாரைப் பொருத்தி, பிறகு தாளை உருவிவிடுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் முனகும், சூடாகும்.

வலப்பக்கக் கிராங்கும் (ராடு மாட்டும், சக்கர மையத்திலிருந்து விலகிய முளை) இடப்பக்கக் கிராங்கும் 90 பாகை விலகியிருக்க வேண்டும். 88 ஆனாலும் ஓடும். ஆனால் இரண்டு அச்சிலும் அதே 88 இருக்க வேண்டும். சிக்கினால் ஒரு பக்க ராடை மட்டும் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். கிராங்க் படுக்கையாக வரும்போது பிடித்தால் துளை இடைவெளி தவறு. தனித்தனியாக இரண்டும் நன்றாக ஓடி, சேர்த்து மாட்டும்போது மட்டும் பிடித்தால் கோணம் தவறு. இதைப் பார்க்காமல் ராடுத் துளையை அரத்தால் அகட்டுவதுதான் எல்லோரும் செய்வது. பிறகு இன்ஜின் நொண்டும்.

இங்கே ஒரு ஆதங்கம். ஓடாத மாதிரியைப் படம் எடுத்துப் போட்டால் குவியும் பாராட்டு, அழுக்காக ஆனால் தவழ்ந்து ஓடும் வெறும் சேசிஸுக்கு வருவதில்லை. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களும் அப்படியே: பார்க்க ஜோர், ஆனால் நகலெடுக்கும்போது ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கும். சக்கர வட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம். 3டி பிரிண்ட் செய்தால் வேலை முடிந்ததே என்பவர்களுக்கு: உடலுக்குச் சரி. ரெசினில் பிரேம் செய்தால் காலப்போக்கில் வளையும், அச்சுத் துளை தேயும்.

உடல் சுலபம். 0.25 மி.மீ. தகட்டில் ரிவெட்டுகளைப் பின்பக்கமிருந்து ஊசியால் குத்திய பிறகே துண்டை வெட்டுங்கள். குத்தும்போது தகடு சுருளும், வெட்டிய பட்டையை நிமிர்த்துவது கடினம். புகைபோக்கியின் அடிப்பாகம் பாய்லர்மேல் பொருந்த, அதே குழாயில் உப்புத்தாளைச் சுற்றி அடியைத் தேய்த்தால் வளைவு தானாக வரும். பற்றுவதில் வரிசை முக்கியம்: பெரிய மூட்டுகள் 188 பாகை சால்டரில், அலங்காரங்கள் 145-இல், வார்ப்பு ஈயப் பாகங்கள் 70-இல். அமில ஃபிளக்ஸை (பற்று பிடிக்கத் தடவுவது) அன்றன்றே கழுவாவிட்டால் பச்சை பூத்து, பெயின்ட் உரியும்.

எடைக்கு டேங்கினுள் ஈயக் குண்டு போடுங்கள். மொத்த எடையும் இரண்டு அச்சுகளின் நடுவில் சமன் ஆக வேண்டும். குண்டை ஒட்ட வெள்ளைப் பசை ஆகவே ஆகாது: ஈயம் அதோடு வினைபுரிந்து வீங்கி, சில ஆண்டுகளில் டேங்கையே பிளந்துவிடும். எபாக்சிதான். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவுங்கள்.

பித்தளைமேல் சாதாரண பிரைமர் நிற்காது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் வேண்டும். அடிக்கும் முன் சக்கரத்தின் ஓடுபரப்பையும், மின்சாரம் எடுக்க அதன் பின்புறம் உரசும் 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பிகளின் நுனியையும் மூடிவிடுங்கள்.