ஈவில் விதின் 2: கேட்டீங்க, சொல்றேன்

2017 அக்டோபரில் வந்த ‘தி ஈவில் விதின் 2’ என்ற ஹாரர் வீடியோ கேம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கதையின் முடிவைச் சொல்லவில்லை. பாதிவரை நடப்பது கொஞ்சம் வெளியே வரும்.

முதல் பாகம் ஆடாம நேரா இதுக்கு வரலாமா ப்ரோ?

தாராளமா வரலாம். செபாஸ்டியன் என்ற போலீஸ்காரர், இறந்துவிட்டதாக நினைத்த மகள் லில்லி, பல மனங்களை ஒன்றாகப் பிணைக்கும் ஸ்டெம் என்ற இயந்திரம். இவ்வளவு தெரிந்தால் போதும். லில்லியை மையமாக வைத்து அந்த இயந்திரத்துக்குள் யூனியன் என்ற ஊரைக் கட்டியிருக்கிறார்கள். ஊர் கெட்டுப்போனதும் அவளைக் காணவில்லை. அப்பா உள்ளே போகிறார். முதல் பாகத்தில் செபாஸ்டியனோடு வேலை பார்த்த கிட்மேன் யார் என்பது மட்டும் முதலில் குழப்பும்.

ஓப்பன் வேர்ல்டுன்னு சொல்றாங்களே, அதில் பயம் எங்கிருந்து வரும்?

இஷ்டப்படி எங்கும் சுற்றும் முழு ஓப்பன் வேர்ல்டு இல்லை. நாலு தெரு, பத்துப் பதினைந்து வீடு, அவ்வளவுதான். மூன்றாம் அத்தியாயத்தில்தான் ஊர் முதன்முதலாகத் திறக்கும், இந்த கேமின் உச்சமும் அதுதான். கையில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தோட்டா. கம்யூனிகேட்டர் என்ற கைக்கருவியை எடுத்தால் எங்கேயோ ஒரு சிக்னல் கேட்கும். அங்கே போனால் துப்பாக்கிக்குப் பாகம் கிடைக்கலாம், உயிரும் போகலாம். போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மற்ற ஹாரர் கேம்கள் உங்களை இழுத்துப்போய்ப் பயமுறுத்தும், இதில் பேராசையில் நீங்களே நடந்து போவீர்கள்.

சீடர் அவென்யூவில் ஒரு வீடு இருக்கிறது. மெயின் கதைக்காக அதற்குள் போகவே தேவையில்லை. சாமான் பொறுக்கத்தான் நுழைவீர்கள். கொஞ்ச நேரத்தில் வீடு இருந்த இடத்தில் பழைய ஆஸ்பத்திரி நடைபாதை நிற்கும், முனகிக்கொண்டே ஒருத்தி வருவாள். அவளைச் சுட்டு வீழ்த்த முடியாது. குனிந்து, ஒளிந்து, அவள் முதுகைப் பார்த்து நகரவேண்டும். அதற்கப்புறம் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் கை ஒரு நொடி தயங்கும். டெவலப்பர்கள் விரும்பியதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

ஸ்டெல்த் எப்படிண்ணே? எனக்கு எரிச்சலா வருது.

எரிச்சல் நியாயமானதுதான் தம்பி. எதிரி கண்ணில் படாமல் பதுங்கிப் போவதுதான் ஸ்டெல்த். சுவரோடு ஒட்டினால் செபாஸ்டியன் ஒட்டியபடியே நிற்கிறார், பிரிய நேரமாகிறது. எதிரிகளோ உங்களைத் துரத்திவிட்டு ஒரு மூலை திரும்பியதும் மறந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நடையும் ஆமை வேகம். திறமைகளைக் கூட்டப் பயன்படும் பச்சை ஜெல்லை முதலில் ஸ்டெல்த் வேகத்துக்குச் செலவழியுங்கள், பாதி எரிச்சல் போய்விடும்.

தோட்டா பத்தவே இல்லை. என்ன செய்யலாம்?

தெருவில் நின்றபடி தோட்டா செய்யாதீர்கள். அதே பொருளைப் பாதுகாப்பு வீட்டு வொர்க்பெஞ்சில் செய்தால் குறைவான வெடிமருந்து போதும். தேங்கிய தண்ணீரில் நாலு பேர் நின்றால் குறுக்குவில்லில் ஒரு ஷாக் அம்பு, கதை முடிந்தது. காபி மெஷினையும் மறக்காதீர்கள். ஒரு கப் குடித்தால் உயிர் ஏறும், அடுத்த கப்புக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கவேண்டும்.

வில்லன்களில் யார் பெஸ்ட்?

சந்தேகமே வேண்டாம், ஸ்டெஃபானோ. போரில் ஒரு கண்ணை இழந்த புகைப்படக்காரர். ஆள் சாகும் நொடியைக் கலை என்று நிறுத்திவைக்கிறார். நீல வெளிச்சத்தில் ஒரு மனிதன் விழுந்துகொண்டே இருப்பான், ரத்தத் துளி காற்றிலேயே தொங்கும், நீங்கள் அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம். முக்காலி மேல் பழைய கேமராவைத் தலையாக வைத்த அவருடைய அப்ஸ்குரா இன்னொரு அருமையான படைப்பு.

சிக்கல் என்னவென்றால், மொத்தம் 17 அத்தியாயத்தில் எட்டாவதோடு அவர் காலி. பிறகு வரும் பாதிரியார் தியோடர் நெருப்பு, பாவம், குற்றவுணர்வு என்று நிறையப் பேசுகிறார், பயம் மட்டும் வரவில்லை. ஊரும் சுருங்கி ஒற்றைப் பாதையாகிவிடும். ஃப்ளேம்த்ரோவரும் கைக்கு வந்ததும் அது ஆக்‌ஷன் கேம்தான். முதல் பாகத்துப் பூதங்களைத் திரும்பக் கொண்டுவந்ததை நான் சரக்கு தீர்ந்துபோனதன் அடையாளமாகத்தான் பார்க்கிறேன்.

வசனம் மொக்கைன்னு நண்பன் சொல்றான். உண்மையா?

உண்மை. கண்முன் நடப்பதையே செபாஸ்டியன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் முதல் பாகத்தில் இவருக்கு முகமே இல்லை, இதில் ஒரு தகப்பன் தெரிகிறார். அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்த டிஃபிகல்டி? ஃபர்ஸ்ட் பெர்சனில் ஆடலாமா?

சுலபமான கேஷுவல் வேண்டவே வேண்டாம். ரெசிடென்ட் ஈவில் மாதிரி ஹாரர் கேம்களில் பழகியவர் என்றால் கடினமான நைட்மேர், இல்லையென்றால் நடுத்தரமான சர்வைவல். செபாஸ்டியனின் கண் வழியாகவே பார்த்து ஆடும் ஃபர்ஸ்ட் பெர்சன் 2018 பிப்ரவரி அப்டேட்டில் சேர்த்தது. வீடுகளுக்குள் அட்டகாசம், பாஸ் ஃபைட்டில் தலை சுற்றும். இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாவது பாகம் வருமா?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதை இயக்கியவர் ஜான் ஜோஹானஸ். முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமி 2023-லேயே இந்த கேமை உருவாக்கிய டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவை விட்டுப் போய்விட்டார். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது. ஆகஸ்டில் கிராஃப்டன் என்ற கொரிய கேம் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது, ஆனால் கூடவே கைமாறியது டாங்கோவின் இன்னொரு கேமான ‘ஹைஃபை ரஷ்’ உரிமைதான். ஈவில் விதின் மைக்ரோசாஃப்டிடமே இருக்கிறது.