தாண்டும் குதிரையின் தசைநாண் காயம் ஆற ஏன் பல மாதங்கள் ஆகின்றன?

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்க்கற்றையே தசைநாண். தடை தாண்டி இறங்கும்போது உடலின் பளு முன்னங்கால்களில் விழுவதால், முழங்காலுக்குக் கீழே பின்புறம் ஓடும் தசைநாண்தான் பெரும்பாலும் காயமடைகிறது. அங்கு இரத்த ஓட்டம் குறைவு. மேலும், சேலத்துப் பட்டுத் தறியில் பாவு அறுந்த இடத்தைச் சிக்குண்ட நூலால் அடைத்ததுபோல், புதிய நார்கள் முதலில் தாறுமாறாகவே வளர்கின்றன. தொடக்கத்தில் குளிர் ஒத்தடமும் ஓய்வும் தந்து, பின்பு கால்நடை மருத்துவரின் ஸ்கேன் முடிவைப் பார்த்து, கையில் பிடித்தபடி மெதுவாக நடத்த வேண்டும்; அந்த அளவான இழுவிசையே நார்களை நேர்ப்படுத்துகிறது. ஏற்காட்டுச் சரிவுகளை விட்டு, சமமான, கெட்டியான தரையில் நடத்துங்கள். மீண்டும் தாண்ட 9 முதல் 12 மாதங்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். நொண்டல் நின்றதும் காயம் ஆறிவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். வலி சில வாரங்களில் மறைந்தாலும் நாரின் வலிமை அப்போது திரும்பியிருக்காது.