சும்மா கிடக்கிற எஞ்ஜின்: ப்ளக்-இன் ஹைபிரிட் கேள்வி பதில்

கம்பம், கூடலூர், போடி, குமுளி பக்கத்து வண்டிக்காரங்க கேட்டதுக்கு இங்கே பதில். ஹைபிரிட்னா பெட்ரோல் எஞ்ஜினும் மோட்டாரும் சேந்தது; அதோட பேட்டரிக்கு வெளியிலருந்து கரண்ட் சொருகி சார்ஜ் ஏத்த முடிஞ்சா ப்ளக்-இன். எஞ்ஜின், ஆயில், கூலன்ட், பெட்ரோல்னா விரிவா சொல்றேன். லோன், இன்சூரன்ஸ், கலர் பத்தி என்னைக் கேக்காதீங்க. ஆரம்பிக்கும் முன்னாடி ஒண்ணு: பானட்டுக்குள்ள ஆரஞ்சு நிறத்துல ஓடுற ஒயரை யாரும் தொடக் கூடாது, பெரிய பேட்டரியோட ஹை வோல்டேஜ் அதுலதான் ஓடுது. துடைக்கக் கூட வேண்டாம்.

போடி ஏலக்காய்: அண்ணே, ஹைரைடர் ப்ளக்-இன் தானே?

இல்லீங்க. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹைக்ராஸ், இன்விக்டோ, சிட்டி ஹைபிரிட் எதுலயும் சார்ஜர் சொருக இடமே கிடையாது. ஹைரைடர் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். டொயோட்டாவோட ப்ளக்-இன் வண்டிகள்ல 2017 மாடல் ப்ரியஸ் ப்ரைமுக்கு 8.8, ஆர்ஏவி4 ப்ரைமுக்கு 18.1. யூனிட்னா கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான். நம்ம ஊர்ல ப்ளக்-இன்னு வித்தது வால்வோ எக்ஸ்சி90 டி8, பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் மாதிரி விலை கூடின வண்டிகள்.

கம்பம் திராட்சை: ப்ளக்-இன்ல இருக்கிறது சாதாரண பெட்ரோல் எஞ்ஜின்தானே? எதுக்கு இவ்வளவு பேச்சு?

டொயோட்டா வகையில சாதாரணம் இல்ல. 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்இ-ன்னு 1.8 லிட்டர் எஞ்ஜின், 2009 ப்ரியஸ்ல வந்து 2012 ப்ளக்-இன் ப்ரியஸ்லயும் அப்படியே உக்காந்துச்சு. அட்கின்சன் முறை. இன்டேக் வால்வை வேணும்னே தாமதமா மூடும். உள்ள வந்த காத்துல கொஞ்சம் திரும்ப வெளியே போயிடும். அழுத்துறது குறைச்சல், விரியறது முழுசு. கம்ப்ரஷன் விகிதம் 13-க்கு 1. அதே 1.8 லிட்டர் கரோலாவுல 140 குதிரை சக்தி கொடுக்க, இது 98-தான் கொடுக்கும். மிச்சத்தை மோட்டார் பாத்துக்கும்.

பெல்ட் கிடையாது. ஆல்டர்னேட்டர் கிடையாது, தனி ஸ்டார்ட்டர் கிடையாது. ஏசி கம்ப்ரசரும் வாட்டர் பம்பும் கரண்ட்ல ஓடும். அதனால பெல்ட் அறுந்த கதை இல்ல. ஆனா எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் படுத்துக்கும். ஸ்கேனர்ல பி261பி-ன்னு கோளாறு கோடு வந்தா எஞ்ஜின் பம்ப்பைப் பாருங்க. பி0ஏ93 வந்தா இன்வெர்ட்டருக்கு (பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) தனியா இருக்கிற பம்ப். ரெண்டும் வேற வேற. மெக்கானிக் மாத்தி மாட்டிட்டு "கோடு போகலையே"ன்னு நிப்பார்.

வால்வோ டி8 வேற ஜாதி. 2 லிட்டர் நாலு சிலிண்டர்ல டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேத்து வச்சது. எஞ்ஜின் முன் சக்கரத்துக்கு, மோட்டார் பின் சக்கரத்துக்கு.

சுருளி அருவி: 2012 ப்ரியஸ் ஒண்ணு கொச்சியிலிருந்து விலைக்கு வருது. காலையில ஸ்டார்ட் ஆகும்போது பத்து செகண்ட் உதறுது, அப்புறம் சரியாயிடுது. வாங்கலாமா?

பணத்தை எடுத்து உள்ள வைங்க. இந்த எஞ்ஜினோட பேர் போன வியாதி இதுதான்.

வண்டி ராத்திரி பூரா நிக்கும்போது ஹெட் கேஸ்கெட் (எஞ்ஜின் பிளாக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) வழியா கூலன்ட் சொட்டு சொட்டா ஒரு சிலிண்டருக்குள்ள இறங்கும். காலையில அந்தச் சிலிண்டர் நனைஞ்ச விறகு மாதிரி எரியாம உதறும். கூலன்ட் எரிஞ்சு முடிஞ்சதும் சரியாயிடும். தரையில ஒழுக்கு தெரியாது, ஆனா ரிசர்வாயர்ல அளவு மாசா மாசம் இறங்கும்.

கேஸ்கெட் ஏன் போகுது? இஜிஆர் கூலர்ல கரி அடைச்சுக்கும். எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திரும்ப உள்ள விட்டு எரியற சூட்டைக் குறைக்கிறதுதான் இஜிஆர் வேலை. அது அடைச்சா சூடு ஏறும், நாக்கிங் (பெட்ரோல் தப்பா வெடிச்சு எஞ்ஜின் தட்டுறது) வரும், கேஸ்கெட் வாங்கும். இன்டேக் மானிஃபோல்டுல நாலு சிலிண்டருக்கும் நாலு சின்ன ஓட்டை இருக்கும். ஒண்ணு ரெண்டு அடைச்சா மொத்தப் புகையும் மத்த சிலிண்டருக்குப் போகும். அது இன்னொரு கோளாறு.

பாக்குற முறை: கூலிங் சிஸ்டத்துல பிரஷர் டெஸ்டர் மாட்டி 1 பார் ஏத்தி ராத்திரி விடுங்க. காலையில ஸ்டார்ட் பண்ணாம நாலு ப்ளக்கையும் கழட்டி, கேமரா ஒயரை ஓட்டைக்குள்ள விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்க. மூணு கறுப்பா காஞ்சு கிடக்கும், ஒண்ணு மட்டும் கழுவின மாதிரி பளபளன்னு இருக்கும். அதுதான்.

செய்றதுன்னா முழுசா செய்யணும். ஹெட்டைக் கழட்டி, ஸ்கேல் வச்சு மட்டம் பாக்கணும், 0.05 மில்லிமீட்டருக்கு மேல வளைஞ்சிருக்கக் கூடாது. ஹெட் போல்ட் புதுசு. இஜிஆர் கூலர், வால்வு, மானிஃபோல்டு மூணையும் கழட்டி ஊறப்போட்டுக் கழுவி, கூலர்ல தண்ணி ஊத்தினா தடையில்லாம கொட்டுதான்னு பாத்துட்டு மாட்டணும். கேஸ்கெட்டை மட்டும் மாத்தி இஜிஆரை விட்டா அதே கேஸ்கெட் திரும்பப் போகும். கூலன்ட் ரோஸ் கலர் டொயோட்டா கூலன்ட் மட்டும். பச்சையைக் கலக்காதீங்க.

உதறல் இல்லாத ப்ரியஸ் வச்சிருக்கிறவங்க 80,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இஜிஆரைக் கழுவிடுங்க. இஜிஆர் ஓட்டம் குறைஞ்சுதுன்னு சொல்ற பி0401 கோடு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

நெடுங்கண்டம் எஸ்டேட்: சார், பழைய எக்ஸ்சி90 டி8. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கரண்ட்லயே ஓடுது, பெட்ரோல் போட்டு மூணு மாசமாச்சு. எஞ்ஜினுக்கு வேலையே இல்ல, ஆயில் மாத்தாம தள்ளலாமா?

தள்ளாதீங்க சார். ஓடி ஓடித் தேயற எஞ்ஜினை விட சும்மா கிடந்து கெடுற எஞ்ஜின்தான் ப்ளக்-இன்ல அதிகம்.

மேட்டுல அழுத்தினதும் எஞ்ஜின் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும், மூணு நிமிஷத்துல நிக்கும். குளிர் எஞ்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலா தெளிக்கும். எரியாத பெட்ரோல் ரிங் இடுக்கு வழியா ஆயிலுக்குள்ள இறங்கும். ஆயில் நல்லா சூடாகி அரை மணி நேரம் ஓடினாதான் அது ஆவியாகி வெளியேறும். உங்க வண்டியில அது நடக்கவே இல்ல. நாளாக நாளாக ஆயில் இளகி, மலை ஏறும்போது பேரிங் மேல நிக்கிற ஆயில் படலம் மெலிஞ்சு போகும். நெடுங்கண்டம் ஈரத்துக்கு உள்ள தண்ணியும் கோத்து மூடியில வெள்ளை வெண்ணெய் மாதிரி படியும்.

நாளைக்குக் காலையில ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து மோந்து பாருங்க. ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பர்ல வைங்க. நடுவுல கறுப்பு, சுத்தி வெளிர் வளையம் சட்டுனு பரவினா பெட்ரோல் கலந்திருக்கு. அளவு குறையாம ஏறியிருந்தாலும் அதே அர்த்தம்.

ஆயில், ஃபில்டர் ரெண்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. கிலோமீட்டர் கணக்கு உங்களுக்கு வேண்டாம். கம்பெனி சொன்ன 0டபிள்யூ-20 தரம் மட்டும். "சூட்டு ஊருக்கு 20டபிள்யூ-50 ஊத்துறேன்"னு யாராவது வந்தா வாசல்லயே நிறுத்துங்க. பத்து நாளைக்கு ஒரு தடவை பேட்டரியை ஹோல்டுல (சார்ஜைச் செலவழிக்காம வைக்கிற முறை) போட்டு, கம்பத்துலருந்து தேனி வரைக்கும் எஞ்ஜினை நிறுத்தாம ஓட்டுங்க. டேங்கை நிரப்பாதீங்க. கால் டேங்க் போட்டு ரெண்டு மாசத்துக்குள்ள தீத்துடுங்க.

கூடலூர் மைந்தன்: மைலேஜ் எவ்வளவு வரும்ணே?

எந்த வண்டி? சார்ஜ் போடுவீங்களா, மாட்டீங்களா? இது ரெண்டும் இல்லாம நம்பர் சொன்னா அது சோசியம்.

லோயர் கேம்ப்: குமுளி மலை இறங்கும்போது பாதியில எஞ்ஜின் ஓன்னு கத்துது. ஹைரைடர்.

பேட்டரி நிரம்பிடுச்சு, அவ்வளவுதான். கணக்கு போட்டுப் பாருங்க. ஆளோட சேத்து 1,600 கிலோ வண்டி 450 மீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 2 யூனிட். டயர், காத்து, மாத்துறதுல போற நஷ்டம் கழிச்சு பாதின்னு வைங்க, 1 யூனிட். உங்க பேட்டரியே 0.76, அதுலயும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்தும். மிச்சத்துக்கு எஞ்ஜினைப் பெட்ரோல் இல்லாம சுத்த விட்டு வேகத்தைக் குறைக்குது. சத்தம் நல்லதுக்குத்தான். மேலேயே கியரை 'B'-யில (எஞ்ஜின் பிரேக், பார்க்கிங் 'P' இல்ல) போட்டுட்டு இறங்குங்க. போடிமெட்டுல இறக்கம் இதுல இரட்டிப்பு.

ப்ளக்-இன் வச்சிருக்கிறவங்களுக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. குமுளியில தங்கி ராத்திரி நூறு சதவீதம் சார்ஜ் ஏத்திட்டு இறங்காதீங்க. பேட்டரியில இடமே இருக்காது, சுமை எஞ்ஜினுக்கும் பிரேக் பேடுக்கும் போகும். 85-ல பிடுங்குங்க.

தேனி பைபாஸ்: நீங்க என்ன சொன்னாலும், எல்லாத்துக்கும் காரணம் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான். அரசாங்கம் எஞ்ஜினைக் கொல்லுது.

குமுளி செக்போஸ்ட்: கேரளா பங்க்ல போட்டா ஒண்ணும் ஆகாது. தமிழ்நாட்டுப் பெட்ரோல்லதான் கலப்படம்.

லோயர் கேம்ப்: சேட்டா, அங்கே விலை கூடன்னுதானே உங்க ஊர் வண்டி பூரா எங்க பங்க்ல வரிசை கட்டி நிக்குது?

சண்டை போதும். இங்கயும் அங்கயும் இ20-தான்.

எத்தனாலுக்கு எரிசக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தா சுத்தப் பெட்ரோலை விட சுமார் 7 சதவீதம் குறையும். முன்னாடி இருந்த இ10-ஓட ஒப்பிட்டா அதுல பாதி. மைலேஜ் குறையுதுன்னு சொல்றவங்க பொய் சொல்லல. ஆனா "கொல்லுது"ங்கிறது வேற பேச்சு. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளோட ரப்பர், ஹோஸ் எல்லாம் இதுக்குத் தக்க பொருள். 2012 ப்ரியஸ்காரங்க ஹோஸையும் டேங்க் பம்ப் சீலையும் வருஷம் ஒரு தடவை பாக்கணும்.

எத்தனால் தண்ணியை இழுக்கும். தினம் ஓடுற வண்டியில அதுக்கு நேரம் இல்ல. மாசக் கணக்கா அதே பெட்ரோல் கிடக்கிற ப்ளக்-இன்ல இருக்கு. தண்ணி அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேந்து அடியில பிரிஞ்சு நிக்கும், பம்ப் முதல்ல உறிஞ்சுறது அதைத்தான்.

சந்தேகம் இருக்கிறவங்க பேசாம அளந்து பாருங்க. 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாய்ல 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி. வெட்டவெளியில, பீடி இல்லாம. மூடிக் குலுக்கி, மூடியைத் திறந்து காத்தை விட்டு, பத்து நிமிஷம் வைங்க. கீழ் அடுக்கு 28 கிட்ட நின்னா 18 மில்லி எத்தனால், அதாவது இருபது சதவீதம்.

சின்னமனூர்: மைலேஜ் எவ்வளவு கிடைக்கும் சார்?

மேலே பாருங்க.

வண்டிப்பெரியாறு: பத்து நாள் நிறுத்தினா 'ரெடி' விளக்கு வரல. பெரிய பேட்டரி போயிடுச்சா?

இல்ல, சின்னது. 12 வோல்ட் பேட்டரி. நிக்கிற வண்டியில 12.6 இருக்கணும், 12-க்குக் கீழ போனா கம்ப்யூட்டர் எழுந்திரிக்காது, பெரிய பேட்டரியோட ரிலே ஒட்டாது. ப்ரியஸ்ல அது டிக்கியில இருக்கு. ஜம்ப் கொடுக்க பானட்டுக்குள்ள ஃப்யூஸ் பெட்டியில தனி முனை இருக்கு, அங்கே கொடுங்க. உங்க ஹைபிரிட்டை வச்சு ஜீப்புக்கும் லாரிக்கும் ஜம்ப் கொடுக்காதீங்க.

உத்தமபாளையம்: பிரேக் பேடு தேயவே இல்ல, ஆனா ஒரு பக்கம் இழுக்குது.

தேயாததுதான் வம்பு. பிரேக் வேலையை மோட்டார் பாத்துக்குது, காலிப்பர் பின் மழையில துருப்பிடிச்சு இறுகிடுது. ஜூன் மழைக்கு முன்னாடி கழட்டித் துடைச்சு பிரேக் கிரீஸ் போடுங்க.

கம்பம் திராட்சை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சார்ஜ் போடலாமா?

கூடாது. 10 ஆம்பியர் நாலு மணி நேரம் விடாம இழுக்கும். கடைப் பெட்டி உருகும். 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி, மீட்டர் பெட்டியிலருந்து நேரா 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், முறையான எர்த்.

வீரபாண்டி: மைலேஜ்...

தம்பி.

பெரியகுளம்: ஆரஞ்சு ஒயரை எலி கடிச்சிருக்கு. இன்சுலேஷன் டேப் சுத்தலாமா?

கூடாது, கூடாது, கூடாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, சார்ஜும் போடாதீங்க, டிரக்ல ஏத்தி சர்வீஸுக்கு அனுப்புங்க. அங்கேயும் பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற சர்வீஸ் ப்ளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் விட்டு, மீட்டர்ல பூஜ்ஜியம் பாத்துட்டு, 1000 வோல்ட் கையுறை போட்டுத்தான் தொடுவாங்க.

தேனி பைபாஸ்: அளந்துட்டேன். கீழ் அடுக்கு 27-ல நிக்குது.

17 மில்லி, 19 சதவீதம். பங்க் பெட்ரோல் சரியா இருக்கு. இப்ப போய் ஆயில் மூடியை மோந்து பாத்துட்டு வாங்க.